ரீல் மாறிய ஜெர்மன் திருடன்

ரங்கூனின் பபேடான் பகுதியில் ஒரு சினிமாக் கொட்டகை. முப்பது வருஷப் பழைய ஜெர்மன் பேசும்படம் ஓடுகிறது. நகைத் திருடனைப் பற்றிய சிரிப்புப் படம். திரையோரம் நின்று தமிழில் கதை சொல்கிறவரை எல்லோரும் ‘கோ மரியதாஸ்’ என்கிறார்கள்; பர்மிய மொழியில் கோ என்றால் அண்ணனாம்.

ஆபரேட்டர் ரீலை மாற்றி மாட்டிவிடுகிறார். கைவிலங்கோடு நின்ற திருடன் அடுத்த நொடி விருந்தில் முத்துமாலையை உருவுகிறான். ஜனம் முணுமுணுத்துக்கொண்டு எழுகிறது. கொட்டகை காலியானால் மரியதாஸின் வேலையும் காலி.

அவர் தொண்டையைச் செருமுகிறார். “ஜெயில்ல குந்திக்கிட்டு, மாட்டுன கதைய நெனச்சுப் பாக்குறான்.”

“பாவம், முழுசா நெனைக்கட்டும்” என்று என் பக்கத்து அம்மாள் உட்கார்கிறார். மற்றவர்களும் உட்கார்கிறார்கள்.

படம் முடிந்ததும் மரியதாஸை வாசலில் பிடித்துக்கொள்கிறேன். “ஜெர்மன் தெரியுமாண்ணே?”

“வாய் அசையுறது தெரியுது தம்பி, போதாதா?”

“முதலாளி திட்டினாரா?”

“நாளைக்கும் இப்படியே மாத்தி ஓட்டச் சொல்லிட்டாரு.”