எழுத்தை மிதித்த வீடு

ராத்தாவின் நினைவு மலருக்கு 'பொறுமையின் உருவம்' என்று எழுதித் தரும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். எழுதமாட்டேன். எங்கள் ராத்தா பொறுமைசாலி அல்ல. சென்ற வருடம் மண்ணுக்குக் கொடுத்தவரை இன்று பொய்யால் போர்த்த எனக்கு மனமில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பதை அல்லாஹ் அறிவான், நீங்களும் அறிந்துகொள்ளுங்கள்.

கல்முனைக்குடியில், கடல் இரைச்சல் கேட்கும் வளவில், வாப்பாவின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்துப் பிறந்த தம்பி நான். வாப்பா தோணியில் போய் உழைத்து ராத்தாவுக்குச் சீதன வீடு கட்டினார். நிந்தவூர் மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வந்தும் அவள் ஒரு சொல்லும் வாசிக்கவில்லை.

"இவளுக்கு ஏறாது. வீட்டு வேலையப் பழக்குங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ராத்தா வீடு வந்து அபாயாவைக்கூடக் கழற்றவில்லை. வெண்கட்டியை எடுத்துச் சீமெந்துத் தரை முழுக்கக் கட்டம் கீறினார். கட்டத்துக்கு ஓர் எழுத்து. அவர் "பணியாரம்" என்பார்; மகள் எழுத்தெழுத்தாகத் துள்ளிக் கடைசிக் கட்டத்தில் நிற்கவேண்டும். பிழைத்தால் திரும்ப வாசலிலிருந்து. ராத்தாவும் துள்ளுவார். மகள் கண்டுபிடித்துக் கத்தவேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று பிழைவிடுவார். பின்னேரம் உடுப்புக் கொடி. சொல் எழுதிய அட்டைகளைக் கிளிப்பில் கொழுவி வசனம் ஆக்கவேண்டும். 'மாமா நிறையக் கதைப்பார், கடைக்குப் போகமாட்டார்' என்று காயப்போட்ட சாரங்களுக்கு நடுவே நான் காற்றில் ஆடியதை ஒழுங்கையால் போன சனமெல்லாம் வாசித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய மச்சானின் உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது? எழுத்த மிதிக்கப்படா. முசீபத்து வந்து சேரும்."

"அறபு எழுத்த நான் தொடல்ல மாமி. இது தமிழ். தலையால ஏறாதெண்டாங்க, காலால ஏத்துறன்."

"சனம் என்ன கதைக்கும்?"

"வாப்பா எனக்குத் தந்த வீடு மாமி. சனம் அவங்கட வீட்டுல இருந்து கதைக்கட்டும்."

மாமி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, ஓர் எழுத்திலும் கால் படாமல், சுவரோரமாகக் குசினிக்குப் போனார். தேத்தண்ணீரைக் குடித்தார். பிறகு பல வெள்ளிக்கிழமைகள் வரவேயில்லை.

"கொஞ்ச நாளைக்கு அழிச்சி விடன்" என்று மச்சான் கெஞ்சினார். ராத்தா மங்கிய கோடுகளின் மேல் இன்னும் அழுத்திக் கீறினார்.

வருடக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். நானும் போனேன். அதிபர் வகுப்புக்கு முன்னால் அவளிடம் புத்தகத்தை விரித்துக் கொடுத்தார். பிள்ளை முதலில் தரையைப் பார்த்தாள்; அங்கே கட்டம் இல்லை. மெல்ல அவளுடைய கால்கள் ஆடத் தொடங்கின. நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளி, ஒரு பக்கத்தை வாசித்து முடித்தாள். வகுப்பே சிரித்தது.

"சிரிக்கட்டும் சேர்," என்றார் ராத்தா. "வாசிச்சாளா, இல்லியா?"

அதிபர் பக்கத்தைப் புரட்டி, "மத்தப் பக்கம்" என்றார். ஓம், அதையும் வாசித்தாள்.

நோயில் விழுந்த கடைசி மாதங்களில் அதே மகள்தான் கட்டிலருகே நின்று அவருக்குப் பத்திரிகை வாசித்தாள். "இரிந்து வாசி புள்ள, கட்டில் ஆடுது" என்று ராத்தா பகிடி விடுவார்.

கபுறுக்குழி வெட்டியவர்களுக்கும், சோறு ஆக்கித் தந்த அயலவருக்கும், ராத்தாவைத் தன் கையால் குளிப்பாட்டிய மாமிக்கும் எங்கள் நன்றி என்றும் தீராது. ஜனாஸாத் தொழுகைக்கு முன், ராத்தா யார் மனத்தையும் நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று நம் வழக்கப்படி கேட்டேன். இன்றும் கேட்கிறேன். ஆனால் எழுத்தை மிதிக்க வைத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இந்த மலரை அச்சுக்கு அனுப்புமுன் வரிவரியாகப் பிழை பார்த்தவள் அவருடைய மகள். மேசைக்குக் கீழே அவளுடைய கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.