கதவுக்காரன் யார் பக்கம்?

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு சட்டம் இருந்தது. அந்த வாரத்து மங்காவை யாரும் தனியாகப் படித்துவிட்டு வரக் கூடாது. மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. வாரம் ஒரு அத்தியாயம் போனில் வரும். டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் படிக்க வேண்டும், கடைசி ஆள் முடித்த பிறகுதான் பக்கம் திருப்ப வேண்டும். முந்திக்கொண்டவர் அத்தனை பேருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். சட்டம் போட்டவள் என் தோழி. ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், சிரித்தால் பக்கத்து டீம்வரை கேட்கும்.

மேஜையில் மங்கா படிக்காத ஆள் ஒருவர்தான். ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் டெஸ்டர் அக்கா; நாங்கள் எழுதும் ப்ரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. எங்களைவிட வயதில் மூத்தவர். பொரியலை எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு, "இந்த வாரம் அவன் யாரக் காட்டிக் குடுத்தான்?" என்று கேட்பார். கதை அவருக்கு எங்கள் சண்டை வழியாகவே போய்ச் சேர்ந்தது.

'அவன்' என்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கதவுக்காரன். ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு குலங்கள். எதிர்க்கரையில் பிறந்த குழந்தையைப் பிடித்து வந்து, இந்தக் கரைக் கோட்டைத் தலைவன் தன் வீட்டிலேயே சோறு போட்டு வளர்க்கிறான். வளர்ந்ததும் கோட்டைக் கதவின் சாவியை அவன் கையில் கொடுக்கிறான். ஒரு நாள், எதிர்க்கரைக் கிராமத்தைக் கொளுத்தப்போகிறார்கள் என்று கதவுக்காரனுக்குத் தெரிகிறது. அவன் கிராமத்தை எச்சரிக்கவில்லை. தலைவனையும் தடுக்கவில்லை. அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தியை மட்டும் முன்கூட்டியே படகேற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போலக் கதவருகே வந்து நிற்கிறான்.

வாரக்கணக்கில் இதற்காக அடித்துக்கொண்டோம். வளர்த்த வீட்டுக்கும் பிறந்த ஊருக்கும் நடுவே அவன் கிழிந்துபோகிறான், இரண்டு பக்கமும் விசுவாசமாக இருக்கப் பார்க்கிறான் என்பது என் கட்சி. தோழி ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "அவனுக்குப் பக்கம்னு ஒண்ணும் கெடையாதுடீ. ஆள்தான் இருக்கு. அதுவும் ஒரே ஒரு ஆள். மத்ததெல்லாம் சும்மா பேச்சு" என்பாள். எனக்குக் கோபம் வரும். கதையைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று அவளைத் திட்டியிருக்கிறேன். நான் கொஞ்சம் திட்டுகிற ஆள்தான்.

அந்தப் புதன்கிழமை எங்கள் மேனேஜர் என்னை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. பாதிப் பேச்சில் கன்னடம் தானாக வந்து விழும். டீமில் ஆள் குறைக்கப்போகிறார்கள், என் தோழியின் இடம் போகிறது, அடுத்த வாரம் சொல்வார்கள் என்றார். "அதுக்குள்ள நீ அவகிட்ட கேடி வாங்கிக்கோ. லீவுக்கு ஒரு ஏற்பாடுன்னு சொல்லு. இது உனக்கும் எனக்கும் மட்டும், கொத்தாயித்தா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். கேடி என்பது ஒருவர் தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பது. ஐடி வேலையில் ஒருவரிடம் கேடி கேட்டால், பெரும்பாலும் அவர் கிளம்பப்போகிறார் என்று அர்த்தம். அந்த மனிதரிடம் முடியாது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் எனக்காக மேலே சண்டை போட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டவர். போன தடவை ஆள் குறைத்தபோது என்னைப் போகவிடாமல் நிறுத்தியவரும் அவரே. எனக்குப் பதிலாக யார் போனார்கள் என்று நான் கேட்டதில்லை.

இதில் என்னைக் கொன்ற விஷயம் வேறு. தோழியின் கையில் இன்னொரு கம்பெனியின் வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள். மறுப்பு மெயிலை எழுதி போனிலேயே வைத்திருந்தாள். "தூரம் ஜாஸ்திடீ. அதுவுமில்லாம இங்க நீ இருக்கே, நம்ம மேஜை இருக்கு. அங்க போய் யார்கூடச் சண்ட போடறது?" என்றாள். அந்த மெயில் போய்விட்டால் அடுத்த வாரம் அவளுக்கு இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. இது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அன்று மதியமே அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேடி வாங்க ஆரம்பித்தேன். அவள் சந்தேகப்படவே இல்லை. எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், யாரைக் கேட்டால் உடனே நடக்கும் என்று தனக்குத் தெரிந்த குறுக்குவழிகளைக்கூட மறைக்காமல் சொன்னாள். "நான் லீவு போட்டா நீ திண்டாடக் கூடாதுல்ல?" என்றாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை டீ நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நேராகச் சொன்னால்தானே வாக்கு மீறல்? குறிப்பாகச் சொல்லலாமே. "கதவுக்காரன் அந்தப் பொண்ணுகிட்ட வெளிப்படையாச் சொல்லாம, 'இந்த ஊர் உனக்கு நல்லதில்ல, வேற ஊருக்குப் போயிடு'ன்னு மட்டும் சொல்லியிருந்தா?" என்றேன்.

"அது போதுமே. அவ என்ன லூசா, புரிஞ்சிக்காம இருக்க?"

"இந்த ஊர்லயே இருப்பேன்னு அவ பிடிவாதம் பிடிச்சா? அவளோட இடமே போகப்போவுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா?"

தோழியின் கண் விரிந்தது. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். "சூப்பர்டீ! அப்போ அந்தப் பொண்ணு கோட்டைக்குள்ளயே வேலை பார்த்தவ! எனக்கு இது தோணவே இல்ல!" என்று துள்ளினாள். அங்கேயே நின்று, ரசிகர்கள் குழுவில் அதை ஒரு புது ஊகமாக எழுதிப் போட்டாள். வரிசையாக இதயங்கள் வந்து விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். அழுவதா அவளை அறைவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மேஜையில் மறுபடி முயன்றேன். அத்தியாயம் முடிந்ததும், "நீ அந்தப் பொண்ணா இருந்தா இன்னிக்கே கிளம்பிடுவியா?" என்று அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டேன். "நானா? கதவுக்காரனத் தனியா விட்டுட்டா? சான்ஸே இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்டர் அக்கா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "ஏம்மா, சாப்பாட்டுல கையே வெக்கலியே?" என்றார்.

ஆறு மணிக்கு அலுவலகத்தைவிட்டு இறங்கினோம். ஈஜிபுராவுக்குப் போகும் என் பஸ் இந்தப் பக்கம், அவளுடைய பஸ் சாலைக்கு அந்தப் பக்கம். வழக்கமாக வாசலிலேயே பிரிந்துவிடுவோம். அன்று மேம்பாலப் படியேறி அவளோடு போனேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நிறுத்தத்தில் நின்றபடி போனை எடுத்தாள். "இரு, அந்த மெயில அனுப்பித் தொலைச்சிடறேன்" என்றாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "அனுப்பாத. உன் இடம் போகுது. அடுத்த வாரம் சொல்லுவாங்க."

ஹோசூர் பஸ் ஒன்று வந்து, கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவள் போனை இறக்கினாள்.

"உன் பேரும் லிஸ்ட்ல இருக்கா?" என்றாள் முதலில்.

"இல்ல. உன்னுது மட்டும்."

"எப்போலேருந்து தெரியும்?"

"புதன்கிழம."

"அப்போ கேடி?"

"அதுக்குத்தான்."

"கதவுக்காரன் கத?"

"உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

அவள் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. "என் பக்கத்துல உக்காந்து என் வேலைய முழுசா வாங்கிட்டு, எனக்குக் கத சொல்லிட்டு இருந்தியா நீ?" என்றாள். அவள் மறுப்பு மெயிலை அழித்தாள். சேருகிறேன் என்று வேறு மெயில் எழுதி அனுப்பினாள். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் ராஜினாமா கொடுத்தாள். பத்து நிமிடத்தில் மேனேஜர் அதே சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ சொன்னியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "சொன்னேன் சார்."

"ஹௌதா, அப்படியா" என்றார் மெதுவாக. கத்தியிருந்தால் தேவலை. "அவளா ராஜினாமா பண்ணினா கணக்குல சேராதாம். அவளுக்குப் பதிலா இன்னொரு ஆளக் குறைக்கணும்ங்கறாங்க. இந்தத் தடவ பேர் உன்கிட்ட சொல்லமாட்டேன். நீயும் கேக்காத."

நான் கேட்கவில்லை. மேஜையில் மிச்சமிருந்த யாரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. பெயரே தெரியாமல் எதைச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மையில், மறுபடி அந்த அறைக்குள் போய் நிற்கப் பயந்தேன். தோழிக்காக வந்த தைரியம் மற்றவர்களுக்காக வரவில்லை. கதவுக்காரனைப் பற்றி அவள் சொன்னதுதான் சரி என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். அதை அவளிடம் சொல்ல வழியில்லை. என்னோடு அவள் பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

அவள் கடைசி நாள் முடிந்த மறுவாரம், டெஸ்டர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மத்தியானமே கணினியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம். டப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அன்னிக்கு நீ சாப்பாட்டுல கையே வெக்கல. உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"பேர் தெரியாதுக்கா."

"பேர் தெரியாது. ஒருத்தர் போவாங்கன்னு?"

"தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

"அவளுக்கு மட்டும் சொன்னே, இல்ல?"

ஆமாம் என்றேன்.