அத்தை பறித்துக்கொண்ட சிமெண்ட் தளம்

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்பது மட்டும் மாறிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தளம் இருந்தது. துணி துவைப்பதற்கும் வற்றல் காயப்போடுவதற்கும் தவிர யாரும் அதைச் சீண்டுவதில்லை. துபாயிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஸ்கேட்டிங் சக்கரம் வாங்கிவந்த அன்று அது என் ராஜ்ஜியமாகிவிட்டது. எங்கள் தெரு முழுக்க ஜல்லி பெயர்ந்து கிடந்தது. உருள்வதற்கு எனக்கு வேறு போக்கிடமே இல்லை. அந்த ஒரே இடத்தைத்தான் அத்தை பறித்துக்கொண்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பச்சைப் பெட்டி ஒன்றோடு தனியாக வந்து இறங்கினாள். கொஞ்ச நாள் இருப்பாள் என்று அம்மா சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தது. வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்று அப்பா அம்மாவுக்கு, இன்னொன்று எனக்கும் அண்ணனுக்கும். எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகு அத்தை ஹாலில் பாய் விரிப்பாள். நாங்கள் எழுவதற்குள் சுருட்டி வைத்துவிடுவாள். இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் அவள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத் தளத்தில் இறங்கினாள். பிளீச்சிங் பவுடர் போட்டு மூலையில் இருந்த பாசியைத் தேய்த்தெடுத்தாள். சிவப்புப் பெயின்ட் அடித்து, ஓரமெல்லாம் வெள்ளையில் கொடி வரைந்தாள். சுவரிலிருந்து கொய்யா மரம் வரை தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். குற்றாலம் பஜாரில் மங்குஸ்தான் வந்து இறங்கிய மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அடுக்கி, பழைய மெத்தைப் பஞ்சில் திண்டு தைத்துப் போட்டாள். அம்மாவின் பழைய சேலைகள் திரைச்சீலைகளாயின. காலிப் பெயின்ட் வாளிகளில் குரோட்டன்ஸ் துளிர்த்தது. பார்த்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சக்கரத்தை மாட்டிக்கொண்டு போனால் வழிமறித்தாள். “ஏட்டி, பெயின்ட்டு உரிஞ்சிரும். அதக் கழத்திட்டு வா, இங்கன வந்து உக்காரு.”

உட்காருவதற்கா சித்தப்பா சக்கரம் வாங்கித் தந்தார்? அம்மாவிடம் முறையிட்டேன். “விடுட்டி, அவளுக்கும் பொழுது போவணும்லா” என்று சொல்லிவிட்டாள். அத்தைக்குப் பொழுது போவதற்கு நான் ஏன் சும்மா உட்கார வேண்டும்? அந்தத் திண்டில் ஒருநாளும் நான் உட்காரவில்லை.

ஆனி பிறந்தது, சாரல் விழுந்தது, வழக்கம்போல மதுரையிலிருந்து பெரியப்பா குடும்பம் வேன் பிடித்து வந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சீசனுக்கு வருகிறவர்களைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுக்கு அம்மா மாடியில் துணிக்கொடி கட்டிக்கொடுத்தாள். நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாடில சாரல் அடிக்கும் பெரியம்மா. பின்னாடி அத்தை பந்தல் போட்டிருக்கா. அங்கன காயப்போடுங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.”

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. ஈர லுங்கிகளும் துண்டுகளும் திரைச்சீலைகளின் மேல் ஏறின. தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்த பெரியப்பா அப்படியே திண்டில் சாய்ந்தார். சீட்டுக்கட்டு வந்தது. வாளிகள் ஓரமாகத் தள்ளப்பட்டதில் இரண்டு செடிகள் முறிந்தன. “நல்ல இடமா பண்ணிவச்சிருக்கியே, இனி வருசாவருசம் நம்ம ஜமா இங்கனதான்” என்று பெரியப்பா அத்தையைப் பாராட்டினார். அத்தை எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார இடமில்லாததால் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் அப்பாவிடம் போய், “அண்ணே, துணிய மட்டும் மாடில போடச் சொல்லேன்” என்றாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அண்ணன் வருசத்துல நாலு நாளு வருதாவ. அவுககிட்ட போயி இதச் சொல்லச் சொல்லுதியா? இது என்ன உன் வீடாட்டி?”

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார்! அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. இன்றைக்கு அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கைதட்டத் தோன்றியது. கடைசியில் ஒருவராவது நியாயம் பேசினாரே என்று இருந்தது.

வேன் கிளம்பிய அன்று மதியமே அத்தை தார்ப்பாயை அவிழ்த்தாள். திரைச்சீலைகளை மடித்தாள். எண்ணெய்க் கறை படிந்த திண்டுகளைக் குப்பையில் போட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி மரப்பெட்டி நகர்வதற்குள் நான் சக்கரத்தை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

“ஓட்டுட்டி. இனி பெயின்ட்டு உரிஞ்சா என்ன” என்றாள்.

சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் வரைந்த வெள்ளைக் கொடிகளின் மேலேயே ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவளை முறைத்துவிட்டுப் போனதும் நினைவிருக்கிறது. அவள் ஒரு மரப்பெட்டிக்குள் கைவிட்டுச் சாமான்களை எடுத்துப் பச்சைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, காலேஜ் சர்டிபிகேட், மடித்துவைத்த இரண்டு சேலை, ஒரு தலையணை.

மறுவாரம் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தளம் முழுவதும் எனக்கே கிடைத்தது. வீட்டுக்குள் வைக்க வேண்டிய சாமான்களையெல்லாம் ஏன் கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்திருந்தாள் என்பதுதான் எனக்கு வெகுநாள்வரை விளங்கவில்லை.