பேசாத இரண்டு சேல்ஸ்மேன்கள்

ஜவுளிக்கடையில் நிற்கிறவனுக்குச் சேலையைவிட வாய் நீளமாக இருக்க வேண்டும். எனக்கோ வாய் இருக்கிற இடமே தெரியாது. எதிரே தெரிந்தவர் வந்தால் அடுத்த தெரு வழியாகப் போகிற என் இனத்தாரே, அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முந்தி

அப்போதெல்லாம் சேலையை எங்கள் தோளில் போட்டுத்தான் காட்ட வேண்டும். சேர்ந்த வாரமே பாலவனத்தத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லார் கண்ணும் என் மேலே! வேர்த்துக் கொட்டியது. முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். தீபாவளிக்குள் வாயைத் திற, இல்லாவிட்டால் ஊருக்குப் பஸ் ஏறு என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஊரில் எங்களுக்கு இருந்தது மழையை நம்பி விதைக்கிற கொஞ்சம் காடுதான். திரும்பிப் போய் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பெண்களில் ஒரு அக்கா எழுந்திருக்கும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“முந்தியைக் காட்டச் சொன்னா, இந்தத் தம்பி முந்தியால மூஞ்சிய மூடிக்கிருச்சே.”

சுப்பையா

கூட வேலை பார்த்த சுப்பையாவும் பேச மாட்டான். டீ குடிக்கக்கூடத் தனியாகத்தான் போவான். நம்ம கூச்ச ஜாதிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் மீசைக்காரர் ஒருவர், சாயம் போய்விட்டதென்று சேலையை வீசிக் கத்தினார். நான் துணிக்கட்டுக்குப் பின்னால் பதுங்கினேன். சுப்பையா அவர் கண்ணைப் பார்த்து, “மாத்தித் தாரேன், உக்காருங்க” என்றான். அவ்வளவுதான், மனிதர் உட்கார்ந்துவிட்டார். உனக்குப் பயமே இல்லையா என்று அப்புறம் கேட்டேன்.

“ஏலே, நாலு பேரோட சினிமாவுக்குப் போனா எனக்குத் தலை வலிக்கும். உனக்கு, கூப்பிடலையேன்னு மனசு வலிக்கும். ரெண்டும் ஒண்ணா?”

அரக்குச் சேலை

தீபாவளிக்கு நாலு நாள்தான் இருந்தது. திருச்சுழிப் பக்கத்திலிருந்து கல்யாணச் சேலை எடுக்க ஒரு பெருங்கூட்டம் வந்தது. மணப்பெண் ஓரமாக, தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று சொல்லி, அத்தைமார் கிளிப்பச்சையை முடிவு பண்ணிவிட்டார்கள். ஆனால் அவள் கண் அரக்குச் சேலைக்குப் போய்ப் போய் வந்ததை நான் கவனித்தேன். ஐயோ, என் வியாதியேதான்! எனக்குப் பொறுக்கவில்லை. அரக்கை உருவித் தோளில் போட்டேன்.

“கட்டப் போறது அவுக. அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமே” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். முதலாளியும் திரும்பிப் பார்த்தார். பெண் நிதானமாகத் தலை தூக்கினாள்.

“எனக்கு வெக்கமெல்லாம் இல்ல. எல்லாரும் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். அந்த அரக்குத்தான் வேணும். நீங்க மொதல்ல நடுங்காம நில்லுங்க, கரை சரியாத் தெரியல.”

அவளைத் தப்பாகக் கணித்தாலும் என் வேலை தப்பிப் பிழைத்தது; அப்புறம் பல வருஷம் நான் ஓயாமல் பேசிப் பேசிச் சேலை விற்க, சுப்பையாதான் பாவம், தலைவலியோடு தள்ளி உட்கார்ந்திருந்தான்.