நாற்பத்தேழாம் நம்பர் சீல்

ரீடிங் சார் முற்றத்தில் வழுக்கி விழுந்த செய்தி, அவர் எழுந்து உள்ளே வருவதற்குள், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் மகளின் காதுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். முழங்கையில் ஒட்டியிருந்த பாசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

“அப்பா, எங்க அடி?”

“முழங்கைல. லேசா.”

“முற்றத்துல பாசி எவ்வளவு இருக்கு?”

“இருக்கு.”

“இருக்குன்னா?”

“பச்சையா இருக்கு.”

மகள் அடுத்துப் பேசியபோது குரலில் அவளுடைய அம்மா இருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை வரேன். அன்னிக்கும் அது பச்சையா இருந்தா நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன். உங்க பெட்டியை நானே கட்டி, கையோட கூட்டிட்டு வந்துடுவேன். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். புரோக்கர்கிட்ட சொல்லி வெச்சாச்சு.”

“சரி.”

“எல்லாத்துக்கும் சரி சரின்னா என்னப்பா அர்த்தம்?”

அர்த்தம் ஒன்றும் இல்லை. மனைவி போய் பத்து வாரமாக அவர் எல்லோருக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. அழ வந்தவர்கள் அழுதார்கள். இவருக்கு வரவில்லை. ஒரே பக்கமாக உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி, உடம்பு முழுவதும் யாருடையதோ போல இருந்தது. பசிக்காமலே சாப்பிட்டார், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். ஆனால் பெட்டி கட்டுவது என்று மகள் சொன்னபோது, மரத்த காலில் எறும்பு ஊர்ந்ததுபோல எங்கேயோ ஒரு இடம் சுருக்கென்றது. இந்த வீட்டை விட்டுப் போக முடியாது. போக முடியாது, அவ்வளவுதான்.

இன்று வியாழன். இடையில் இரண்டு நாள்.

அவர் மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவர். அந்த வேலையின் முதல் பாடம்: பார்க்கலாம், எழுதலாம், தொடக் கூடாது. பாடம் வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிரிட்ஜைத் திறந்து, “முட்டை ரெண்டுதான் இருக்கு” என்று அறிவித்துவிட்டு மூடிவிடுவார். “ரீடிங் எடுத்தாச்சா? அந்த நேரத்துல போய் வாங்கிட்டு வந்திருக்கலாமே” என்பாள் மனைவி. தெருவில் அவருக்கு ரீடிங் சார் என்ற பேர் ஒட்டிக்கொண்டதே அவளால்தான்.

தொடும் வேலையெல்லாம் அவளுடையது. குழாய் ஒழுகினால் ஸ்பேனர் எடுப்பவள் அவள். கார் கழுவும் கடை ஒன்று மூடப்பட்டபோது பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர் ஒன்றைப் பழசாக வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவளும் அவள்தான். இரண்டு சக்கரம், நடுவில் இன்ஜின், அடியில் பம்பு, முனையில் நீளத் துப்பாக்கி. வீட்டில் அதற்குப் பேர் பீரங்கி. சனிக்கிழமை தோறும் முற்றத்தில் பீரங்கி முழங்கும். பாசி என்ற பேச்சே அந்த வீட்டில் இருந்ததில்லை.

வந்த புதிதில் ஒரு விபரீதம் நடந்தது. பிரஷரை முழுசாக ஏற்றிவிட்டு எதிர்வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பியதில், புது பெயின்ட் ஆள் உயரத்துக்கு வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்துவிட்டது. எதிர்வீட்டம்மா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரீடிங் சார் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு இயந்திரத்தைத் தொட்டார். பிரஷர் குமிழை நடுவில் நிறுத்தி, அதன் ஓட்டை வழியாக முறுக்குக் கம்பி கோத்து, ஈயக் குண்டு வைத்து, சீல் போட்டுவிட்டார். மீட்டர்களுக்குப் பிளாஸ்டிக் சீல் வந்த பிறகு ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்த பழைய சீல் குறடு அவரிடம் இருந்தது. குண்டின் மேல், குறட்டில் பொறித்திருந்த ஆபீஸ் நம்பர், நாற்பத்தேழு, அழுத்தமாக விழுந்தது.

“இனிமே யாரும் திருப்ப முடியாது” என்றார்.

“உத்தரவுங்க” என்று மனைவி கும்பிட்டாள். அது ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை.

வியாழக்கிழமை மதியம் பீரங்கியைக் கொட்டகையிலிருந்து உருட்டி வந்தார். பிளாஸ்டிக் உறையில் இருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு தடவை படித்தார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. தோட்டத்துக் குழாயை மாட்டித் தண்ணீர் திறந்தார். சோக்கைத் தள்ளிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இன்ஜின் தொண்டையைக் கனைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் கயிறு கனத்துக்கொண்டே போனது. பதினோராவது இழுப்பில், உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல அசையவே இல்லை. பதினொன்று என்று மனசில் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் கடைக்காரர் வந்தார். அடுத்த தெருவில் பம்பு, மோட்டார் பழுது பார்ப்பவர். ஆள் ஒல்லி, குரல் பெரிசு.

“அக்கா இருந்தவரைக்கும் இதுல என்னை ஒரு நட்டைத் தொட விட்டதில்ல சார். கடைக்கு வருவாங்க, சாமான் கேப்பாங்க, எப்படி மாட்டணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க எத்தனை தடவை இழுத்தீங்க?”

“பதினொண்ணு.”

“எண்ணிட்டா இழுத்தீங்க?” சிரித்தார். “தண்ணிய மாட்டிட்டு இழுத்தா உள்ள பிரஷர் கட்டிக்கும். இந்தக் கன்னை, அதான் துப்பாக்கியோட விசையை, அழுத்திப் பிடிச்சுத் தண்ணிய வெளிய விட்டுட்டு இழுக்கணும். இல்லைன்னா பயில்வானே வந்தாலும் தோளு கழண்டுடும்.”

டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “கெட்டுப்போச்சு. வார்னிஷ் வாடை அடிக்குது பாருங்க. எப்போ போட்டது?”

“அவ போட்டது.”

கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். “கொட்டிடலாமா சார்?”

“சரி.”

பழைய பெட்ரோல் ஒரு தகரத்தில் மஞ்சளாக இறங்கியது. ரீடிங் சார் அளவைப் பார்த்தார். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. கடைக்காரர் கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த பிசினைத் துடைத்து, ஊசித் துவாரத்தில் மெல்லிய கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். புது பெட்ரோல் ஊற்றி, கன்னை அழுத்திக்கொண்டு இழுத்ததும் இரண்டாவது இழுப்பிலேயே பீரங்கி முழங்கியது. எதிர்வீட்டு மாடியில் ஒரு தலை தெரிந்தது.

ஆனால் முனையிலிருந்து வந்தது பூவாளித் தண்ணீர். பாசி அதில் சுகமாகக் குளித்தது. கடைக்காரர் முனையை ஊசியால் குத்தினார். தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழுவினார். இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து பம்பைப் பார்த்தார்.

“இதோ இருக்கு விஷயம். குமிழ் அடிமட்டத்துல இருக்கு சார். ஜன்னல் வலை கழுவற பிரஷர் இது.”

“இருக்காது. நடுவுல வெச்சு சீல் போட்டிருக்கேன்.”

“சீல் இருக்கு, பாத்தேன். குமிழ் கீழ இருக்கு, அதையும் பாத்தேன்.”

“சீல் இருந்தா திரும்பியிருக்காது.”

“நீங்க சீலை நம்பறீங்களா, கண்ணை நம்பறீங்களா?”

“சீலை.”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “நல்ல வேளை, நீங்க டாக்டருக்குப் படிக்கல. அந்தக் கம்பிய வெட்டுங்க சார், ஒரு திருப்புல சரியாயிடும்.”

வெட்டும் குறடை நீட்டினார். ரீடிங் சார் கை நீட்டவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் வெட்டிய சீல் ஒன்றுகூட இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். “நாளைக்குப் பாத்துக்கறேன்” என்றார். கடைக்காரருக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பாத ஒரு ஹாஸ்டலிலிருந்து போன் மேல் போன். “வேலை முடிஞ்சதும் பெட்ரோல் குழாயை மூடிட்டு, தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. கிண்ணத்துல மிச்சம் நிக்கக் கூடாது. தண்ணியை மட்டும் மூடிடாதீங்க, பம்பு வெந்துடும்” என்று சொல்லிவிட்டு, குறடைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரீடிங் சார் பீரங்கிக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். நாளை இந்நேரம் மகள் வந்திருப்பாள். பாசி அப்படியே இருந்தது. குறடை எடுத்துக் கம்பியில் வைத்தவர் மறுபடி கீழே வைத்தார். ஆபீஸ் வழக்கப்படி, வெட்டுவதற்கு முன்னால் சீலின் நிலையை எழுத வேண்டும். உள்ளே போய்க் கண்ணாடியும் பழைய நோட்டும் எடுத்து வந்தார். மூன்று கட்டம் போட்டார். சீல் நம்பர்: 47. நிலை. உபயோகிப்பாளர் விளக்கம்.

நிலையை எழுதுவதற்காகக் குனிந்து பார்த்தார்.

ஈயக் குண்டின் ஓரத்தில், கம்பி நுழையும் இடத்தில், கடுகளவு ரோஸ் நிறம் இருந்தது. நகத்தால் சுரண்டினார். நெயில் பாலிஷ். கம்பியை லேசாக இழுத்ததும் ஒரு முனை சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது.

அந்த வித்தை அவருக்குத் தெரியும். ஊசியைச் சுட வைத்து ஈயத்தை இளக்கி, ஒரு முனையை மட்டும் உருவிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் திரும்பச் செருகி ஒரு சொட்டு பசை. எட்ட நின்று பார்ப்பவனுக்குச் சீல் பழுதில்லாமல் இருக்கும். எத்தனை மாவு மில்லில், எத்தனை ஐஸ் பாக்டரியில் குனிந்து பார்த்தே பிடித்திருக்கிறார்! ஒவ்வொன்றையும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்பாள். “அப்புறம்? ஊசியை எவ்வளவு சூடு பண்ணுவாங்க?” என்று கேட்டிருக்கிறாள். அவரும் சொல்லியிருக்கிறார்.

தன் வீட்டுச் சீலை மட்டும் ஆறு வருஷமாக ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

கடைசியாக அவள் பிரஷரை அடிமட்டத்துக்கு இறக்கியது எதற்கு? தலையைத் தூக்கினார். ஜன்னல் வலைகள் பளிச்சென்று இருந்தன. பத்து வாரத் தூசியைத் தாண்டியும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை. அன்றைக்கு அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலை சுத்தமாக இருந்ததைப் பார்த்ததாக நினைவில்லை.

நிலை என்ற கட்டத்தில், “உருவப்பட்டது” என்று எழுதினார். மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டார். உபயோகிப்பாளர் வீட்டில் இல்லாவிட்டால் அதைக் காலியாக விடுவதுதான் வழக்கம். அழுகை வருமோ என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை. எழுந்து குமிழைத் திருப்பினார். பழகின குமிழ், எண்ணெய் போட்டதுபோல வழுவழுவென்று திரும்பியது.

கன்னை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தார். முதல் வீச்சில் சிமெண்டுத் தரையில் ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. இன்னொரு கோடு. கை அதிர்ந்தது, தோள் அதிர்ந்தது. பாசி பச்சைக் கஞ்சியாகச் சாக்கடைக்கு ஓடியது. மதியம் சாப்பிடாமல் இரண்டரை மணி வரை கழுவினார். கேட் பக்கம் போனபோது கை கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பச்சை பெயின்ட் உரிந்து உள்ளே துருநிறம் தெரிந்த பிறகுதான் நிறுத்தினார்.

ஞாயிறு காலை மகள் கேட்டுக்கு வெளியே பெட்டியை வைத்துவிட்டு நின்றாள். செருப்பைக் கழற்றி, வெறும் காலால் முற்றத்தைத் தேய்த்துப் பார்த்தாள். நான்கு இடத்தில் தேய்த்தாள்.

“யாரை வெச்சுக் கழுவினீங்க?”

“நான்தான்.”

“நீங்களா? தொட்டா கழுவினீங்க?”

“தொடாம எப்படிக் கழுவறது?”

அவள் கேட்டைப் பார்த்தாள். உரிந்த இடத்தைக் கையால் தடவினாள். “அம்மா எதிர்வீட்டுச் சுவத்துல பண்ணதை அப்படியே பண்ணி வெச்சிருக்கீங்க” என்றாள். பிறகு போனை எடுத்து, முற்றத்திலேயே நின்றபடி புரோக்கரைக் கூப்பிட்டு, வீடு இப்போதைக்கு இல்லை என்று சொன்னாள். மறுமுனையில் ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. “எங்க அப்பா இருக்கார்” என்றாள்.

காப்பி குடிக்கும்போது ரீடிங் சார் ஈயக் குண்டை மேஜை மேல் வைத்தார். மகள் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“உனக்குத் தெரியுமா?”

“நெயில் பாலிஷே என்னோடதுதான்பா. நீங்க சீல் போட்ட மறுநாளே உருவியாச்சு. ஒவ்வொரு தடவையும் கழுவி முடிச்சிட்டு அம்மா திரும்ப ஒட்டி வெச்சிடுவாங்க.”

“வெட்டி எறிஞ்சிருக்கலாமே. நான் என்ன, பைனா போடப் போறேன்?”

“நானும் அதையேதான் கேட்டேன். ‘அந்த மனுஷன் வீட்டுல செஞ்ச ஒரே வேலை இது, அதைப் போய் வெட்டச் சொல்றியா’ன்னாங்க.”

ரீடிங் சார் நோட்டை எடுத்து வந்தார். மூன்றாவது கட்டத்தில், மகள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் எழுதினார். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஏறியது. எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

“அந்த ரோஸ் கலர் இன்னும் வெச்சிருக்கியா?”

“எதுக்குப்பா?”

“சீல் போடணும்.”