நாலாவது கார்

லவால் நகரில் நான் வேலை செய்யும் கார் ஷோரூமில் மின்சாரக் கார்கள் வந்து இறங்கி ஒரு குளிர்காலம் போனதும், எங்கள் மனேஜருக்குத் திடீரென்று மனிதாபிமானம் பிறந்துவிட்டது. விலையைப் பற்றிப் பேச முதல், காரை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்க வேண்டுமாம். வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாதவர் குளிர்காலத்தில் என்ன பாடுபடுவார் என்பதை மறைக்கக் கூடாதாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். முன்னர் வாங்கிய சிலர் பனிக்காலத்தில் திரும்பி வந்து கவுண்டரில் நின்று கத்தியதை நானும் பார்த்தவன். இந்தக் கார்களுக்கு ஒயில் மாற்றத் தேவையில்லை, அதனால் சர்வீஸ் பகுதிக்கு வருமானம் குறைவு. இவற்றை விற்கவே மனேஜருக்கு மனமில்லையோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஆனாலும் அந்தக் கேள்வியை ஓர் அக்காவிடம் மட்டும் உண்மையான அக்கறையோடு கேட்டேன். அவர் சென்ட் லோரன்ட் பகுதியில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிக்கவார்த்து, சாப்பாடு கொடுக்கிற வேலை. கார் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அதுவரை மூன்று பாவித்த கார்களை என்னிடம்தான் வாங்கியிருந்தார். பெற்றோல் விலை கட்டுப்படியாகவில்லை, இனி மின்சாரக் கார்தான் என்று வந்து நின்றார். நிறுத்துவது தெருவில் என்றார்.

இது உங்களுக்குச் சரிவராது அக்கா என்றேன். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், ஹீட்டர் போட்டால் இன்னும் இறங்கும், பொதுச் சார்ஜரில் காத்துநிற்க உங்களுக்கு நேரம் ஏது என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் இறுகியது. வேறு யாருக்கோ காரைப் பதுக்கி வைத்துக்கொண்டு தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்திருப்பார். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிற வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான்? அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்த வாரமே வேறோர் இடத்தில் ஒரு மின்சாரக் காரை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லதுக்குக் காலமில்லை என்று வீட்டில் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

ஜனவரியில் திரும்ப வந்தார். இந்தக் காரை எடுத்துக்கொண்டு பழையபடி ஒரு பெற்றோல் கார் தர முடியுமா என்று கேட்டார். சார்ஜருக்குக் காத்துநின்று சில நாட்கள் வேலைக்குப் பிந்திப் போயிருக்கிறார். அவர் பார்த்துவந்த இரண்டு வீட்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு வருத்தமாக இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே அக்கா," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"மூண்டு கார் வித்தனீர் தம்பி. ஒண்டிலயாவது ஒரு குறை சொன்னனீரோ? நாலாவதுக்கு மட்டும் சொன்னால் நான் என்னெண்டு நம்புறது?"

இரண்டாவது காரின் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது என்பது விற்ற அன்றே எனக்குத் தெரியும். அந்தக் காரில் அவர் மூன்று குளிர்காலம் வேலைக்குப் போனார்.