ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் எழுதியது

போன வாரம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தேன். "டீச்சர்" என்று ஓர் அம்மா கிட்டே வந்தார். கூடவே நாற்பதை நெருங்கும் ஒரு பெண். அட, கலைச்செல்வி... தொண்ணூறுகளில் என்னிடம் மூன்று வருடம் படித்தவள். எப்படி இருக்கே என்று கேட்டேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். பதில் சொன்னது அம்மாதான்.

"ரெண்டு காதும் போய்ட்ச்சி டீச்சர்."

நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். என் திமிர் உங்களுக்குத் தெரியாது. வாயைத் திறக்காத பிள்ளைகளுக்கென்றே ஒரு நோட்டில் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ரிசர்வ்டு, ரெட்டிசென்ட், சீக்ரெட்டிவ்... சும்மா பேசாதவர் வேறு, விஷயத்தை மறைக்கிறவர் வேறு இல்லையா? ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் ரிமார்க்ஸ் கட்டம் சின்னது — ஒரு வார்த்தைதான் கொள்ளும். எழுதிவிட்டு நானே ரசிப்பேன். கலைச்செல்விக்கு மூன்று வருடமும் 'ரிசர்வ்டு', அதிகம் பேசாதவள்.

ஆறாவது படிக்கும்போதே அவள் காதில் சீழ் வடிந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? எண்ணெய் காய்ச்சி ஊற்றியதோடு சரி. ஸ்கூலில் மூச்சு விடக்கூடாது என்று அம்மா மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பாவம், அந்தப் பிள்ளையும் காப்பாற்றியிருக்கிறது.

"நீங்க எழுதினத பக்கத்து வூட்டுல குடுத்துப் படிக்கச் சொன்னேன். அடக்கமான பொண்ணுன்னு எழுதிக்கீதுன்னாங்க. டீச்சருக்கே ஒண்ணும் தெரியல, அப்ப பெருசா இல்லன்னு வுட்டுட்டேன்."

சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னாராம். அந்த அம்மாவின் குரலில் என்மேல் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஏனென்றால்... எனக்கு அப்போதே தெரியும்.

காதில் பஞ்சைப் பார்த்தேன். கூப்பிட்டால் அவள் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டுவதையும் பார்த்தேன். கேட்டால் அம்மா வந்து அழுவார், ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் குடைவார். நமக்கு எதற்கு வம்பு? கட்டத்தில் ஒரு நல்ல வார்த்தையைப் போட்டு ரிப்போர்ட்டை மூடினேன்.

பிளாட்ஃபாரத்திலாவது அதைச் சொல்லியிருக்கலாம். வண்டி வந்துவிட்டது. கலைச்செல்வி சிரித்துக்கொண்டே கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன், எனக்கு எந்த வார்த்தை பொருந்தும் என்று பார்க்க. இங்கிலீஷே தேவைப்படவில்லை — கோழை.